‘ஷோகன்’ இரண்டாம் சீசன்: நாவல் தீர்ந்தது, கடன் தீரவில்லை

கேள்வி: நான் திரைக்கதை படிக்கும் மாணவி. 1600ஐ ஒட்டிய ஜப்பானில் நடக்கும் ‘ஷோகன்’ தொடரின் பத்து எபிசோடையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஜேம்ஸ் கிளாவலின் நாவலையும் முழுசாகப் படித்தேன். நாவல் எங்கே முடிகிறதோ, தொடரும் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடுகிறது. இப்போது மேற்கொண்டு சீசன்கள் வரப்போகின்றன என்கிறார்கள். விருது வாங்கிய பெயரை வைத்துக் காசு பார்க்கும் வேலை இது, எழுதியவர் நிறுத்திய இடத்தில் நிறுத்துவதுதான் மரியாதை என்கிறான் வகுப்புத் தோழன். வரலாறு மிச்சமிருக்கும்போது என்ன தடை என்பது என் கட்சி. வகுப்பில் எங்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்துவிட்டார்கள்: இரண்டாம் சீசனுக்குப் பத்து எபிசோடு அவுட்லைன் எழுத வேண்டும். தொடர்வது சரியா? சரி என்றால் எங்கே தொடங்குவது? எது சறுக்கும்?

பதில்: முதலில் ஒரு எச்சரிக்கை. தொடரைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லை.

உங்கள் தோழன் சொல்வதில் பாதி சரி. 1975இல் வந்த நாவலுக்குக் கிளாவல் தொடர்ச்சி எழுதவில்லை. ஜப்பானுக்கு அவர் திரும்பிய இன்னொரு நாவல் 1862இல் நடக்கிறது. அங்கே வருவது ‘ஷோகன்’ நாயகரான பிரபு தொரனாகாவின் வழித்தோன்றல்கள். 1994இல் கிளாவல் இறந்துவிட்டார். ஆகவே தொரனாகாவுக்கும், ஜப்பானில் கரையொதுங்கிய ஆங்கிலேய மாலுமி பிளாக்தார்னுக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லும் பக்கம் எதுவும் அவர் கையால் எழுதப்படவில்லை. தொடரும் முதலில் ஒரே சீசனோடு முடியும் குறுந்தொடராகத்தான் அறிவிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் பத்தாவது எபிசோடு வந்தது. மே மாதமே கிளாவல் குடும்பத்தாரின் உரிமை அமைப்போடு சேர்ந்து மேலும் இரண்டு சீசன்களுக்கு வேலை தொடங்கியதாக அறிவிப்பு வந்தது. குறுந்தொடர் பிரிவிலிருந்து நாடகத்தொடர் பிரிவுக்கு மாறி, அந்த ஆண்டு எம்மியில் 25 பரிந்துரைகளுக்கு 18 விருதுகள் வாங்கியது. அதுவரை எந்தத் தொடரும் ஒரே சீசனுக்கு அவ்வளவு வாங்கியதில்லை. பணக்கணக்கு இதில் இல்லவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

ஆனால் ‘எழுதியவர் நிறுத்திய இடம்’ என்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாவலில் செகிகஹாரா போர் காட்சியாக வருவதே இல்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் எந்தப் போருக்காக எல்லோரும் காய் நகர்த்துகிறார்களோ, அதைக் கடைசியில் ஒரு குட்டிப் பத்தியில் சொல்லிவிட்டு, தொரனாகாவின் எதிரி இஷிதோவைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து முடித்துவிடுகிறார் கிளாவல். ‘பொன்னியின் செல்வ’னிலும் மகுடத்தை விட்டுக்கொடுத்ததோடு கதை நிற்கிறது, பிறகு யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று துளைத்தவர்களுக்குக் கல்கி முடிவுரை எழுதித் தீர்த்துவைத்தார். சரித்திர நாவலாசிரியர்கள் நிறுத்தும் இடம் பெரும்பாலும் நிகழ்ச்சி தீர்ந்த இடமாக இருப்பதில்லை, தங்கள் கேள்வி தீர்ந்த இடமாகத்தான் இருக்கும். எனவே மூலநூல் தீர்ந்ததா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேள்வி தீர்ந்ததா, புதுக் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் சீசனின் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். பெரும்பாலான மாணவர்கள் ‘தொரனாகா ஷோகன் ஆவாரா’ என்று எழுதுவார்கள். அது தப்பு. அது தெரிந்த வரலாறு; தொரனாகாவின் அசலான தொகுகாவா இயெயாசு 1603இல் ஷோகன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனார் என்பது ஜப்பானில் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். தொடர் உண்மையில் கேட்டது, ‘இந்த மனிதரின் மனசுக்குள் என்ன இருக்கிறது’ என்பதுதான். பத்து எபிசோடும் எல்லோரும் அவர் முகத்தைப் படிக்க முயன்று தோற்கிறார்கள். கடைசியில் மலைமுகட்டில், சில நிமிடங்களில் சாகப்போகும் துரோகிப் பிரபு யபுஷிகேவிடம் மட்டும் அவர் அதைத் திறந்து காட்டுகிறார். கேள்வி தீர்ந்தது. ஆகவே ‘தொரனாகாவின் மர்மம்’ என்ற பண்டத்தை இரண்டாவது முறை விற்க முடியாது. உங்கள் அவுட்லைன் முதல் பக்கத்திலேயே சறுக்கினால் இங்கேதான் சறுக்கும்: மறுபடியும் புதிராக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர், மறுபடியும் அவர் திட்டத்தை ஊகிக்கும் கும்பல்.

அடுத்து, கொடுக்கல் வாங்கல் கணக்கு மாதிரி ஒரு தாள் போடுங்கள். முதல் சீசனில் யார் யாருக்கு என்ன பாக்கி? நான் பார்க்கும் அளவில் மூன்றுதான் பெரிய பாக்கி. ஒன்று, வாரிசின் தாய் ஒச்சிபா ரகசியமாக அனுப்பிய உறுதி: வாரிசின் படை போருக்கு வராது. அந்த உறுதியால்தான் தொரனாகா ஜெயிக்கிறார். அதற்கு விலையாக அவள் எதிர்பார்த்தது மகனின் உயிரும் உரிமையும். இரண்டு, பிளாக்தார்னின் கப்பல். எரிக்கச் சொன்னது தானே என்று யபுஷிகேவிடம் சொல்லும் தொரனாகா, பிளாக்தார்னிடம் நேருக்கு நேர் அதைச் சொல்வதில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது: சாகக் கிடந்த பழைய ஆட்சியாளர் தைகோவுக்கு, பிள்ளை வளரும்வரை காப்பேன் என்று கொடுத்த வாக்கு.

இந்த மூன்றாவது பாக்கி கற்பனைச் சரக்கு இல்லை. 1598இல் தைகோவின் அசலான தொயோதோமி ஹிதெயோஷி இறக்கும்போது அவர் மகன் ஹிதெயோரிக்கு ஐந்து வயதுதான். ஐந்து பெரியவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார். அந்த ஐவரில் ஒருவர் இயெயாசு. 1615 ஜூனில் ஒசாகா கோட்டை எரிந்தபோது, 21 வயது ஹிதெயோரியும் தாய் யோதோவும் உள்ளேயே உயிரை விட்டார்கள். வெளியே நின்ற படை இயெயாசுவுடையது. ஹிதெயோரியின் சின்னஞ்சிறு மகன் குனிமாட்சுவைத் தேடிப் பிடித்து, கியோட்டோவில் ஆற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். யோதோ தொடரின் ஒச்சிபா, ஹிதெயோரி தொடரின் வாரிசு என்று வைத்துப் பாருங்கள். முதல் சீசன் யாரை நம் நாயகனாக்கியதோ, அவர் காப்பதாகச் சொன்ன குழந்தையைத்தான் கடைசியில் கொல்கிறார். இது முதல் சீசனே வாங்கிவைத்த கடன். அசலும் வட்டியும் வரலாற்றில் இருக்கின்றன. தொடரலாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். நாவலாசிரியர் ஒதுக்கிய இடம்தான், ஆனால் நாவல் கொடுத்த வாக்குறுதி.

உங்கள் இரண்டாம் சீசனின் கேள்வியை நானே எழுதித் தரக் கூடாது. ஆனாலும் திசை இதுதான்: போரை நிறுத்துவதற்காகத்தான் எல்லாப் பொய்யும் என்று சொன்ன மனிதர், அமைதி வந்த பிறகும் பொய் சொல்ல நேர்ந்தால் அவர் யார்?

இனி வேலை. இரண்டாம் சீசன் பத்தாண்டு கழித்து நடக்கிறது என்று தயாரிப்புத் தரப்பே சொல்லிவிட்டது. அதாவது 1610ஐ ஒட்டி. நல்ல முடிவு. நடுவில் வரும் 1600-1610 நிர்வாகக் கதை: நிலப் பங்கீடு, பட்டம், 1605இல் மகன் ஹிதெதாதாவுக்கு ஷோகன் பதவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு சும்பு நகரில் உட்கார்ந்து பின்னாலிருந்து ஆள்வது. நாடகத்துக்கு இதில் பெரிய தீனி இல்லை. ஆனால் அந்தப் பத்தாண்டுத் தாவல் இரண்டு பெரிய பள்ளங்களைத் தோண்டிவைக்கிறது.

முதல் பள்ளம் மொழி. முதல் சீசனின் இன்ஜின் எது என்று கேட்டால் பலர் வாள், அரசியல், காதல் என்பார்கள். எனக்கு அது மொழிபெயர்ப்பு. பிளாக்தார்ன் ஒன்று சொல்வான். மொழிபெயர்ப்பாளராக வரும் மாரிகோ அதை வேறொன்றாகச் சொல்வாள். தொரனாகா இரண்டுக்கும் நடுவே இருப்பதைக் கேட்பார். நமக்கு மட்டும் மூன்றும் தெரியும். ஒரே வசனத்தில் மூன்று காட்சி ஓடும். தொடரின் வசனத்தில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் இருந்தும் உலகம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததற்கு இது முக்கியக் காரணம். எழுதும் முறையும் அப்படித்தான் இருந்தது: ஆங்கிலத்தில் எழுதி, டோக்கியோவில் மொழிபெயர்த்து, ஒரு ஜப்பானிய நாடகாசிரியரைக் கொண்டு அந்தக் காலத்துப் பேச்சாகச் செதுக்கி, நடித்து முடித்ததும் அந்த ஜப்பானிய வசனத்திலிருந்து மறுபடியும் ஆங்கில சப்டைட்டில் எழுதினார்கள். இப்போது மாரிகோ உயிரோடு இல்லை. பத்தாண்டு கழிந்தால் பிளாக்தார்ன் ஜப்பானிய மொழி சரளமாகப் பேசுவான். நாற்காலியும் காலி, இன்ஜினும் நின்றுவிட்டது.

இங்கே பலர் செய்யும் தப்பு, மாரிகோவின் இடத்தில் இன்னொரு அழகான, துயரமான, போர்ச்சுக்கீசு தெரிந்த பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைப்பது. செய்யாதீர்கள். பார்ப்பவர் முதல் காட்சியிலேயே அவளை மாரிகோவோடு நிறுத்துப் பார்ப்பார். அந்தப் பெண் எழுந்திருக்கவே முடியாது. வரலாறு இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. பிளாக்தார்னின் அசல் வில்லியம் ஆடம்ஸ். 1613 ஜூனில் ‘கிளோவ்’ என்ற ஆங்கிலக் கப்பல் ஹிராடோ துறைமுகத்துக்கு வந்தது. தலைவன் ஜான் சாரிஸ். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு ஆடம்ஸின் சொந்த மொழி பேசும் கூட்டம் வந்து இறங்குகிறது. யார் மொழிபெயர்ப்பாளர்? ஆடம்ஸ். மாரிகோவின் நாற்காலியில் இப்போது பிளாக்தார்னே உட்காருகிறான். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்ற அவளுடைய பழைய தலைவலி இவனுக்கு. புதுப் பெண் பாத்திரம் வேண்டாம், பழைய இன்ஜினே திரும்ப ஓடும், அவளுடைய இல்லாமையும் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கும்.

கைவசம் இருக்கும் காட்சிகளைப் பாருங்கள். சாரிஸ் தன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் கடிதத்தை இயெயாசுவின் கையில் தானே கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். இந்த ஊரில் அப்படி வழக்கமில்லை என்று ஆடம்ஸ் எடுத்துச் சொல்கிறார். சாரிஸ் கேட்கவில்லை. கடைசியில் நீட்டிய கடிதத்தை இயெயாசுவின் செயலர் இடையில் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று ஆடம்ஸின் கடிதம் சொல்கிறது. ஒரு கடிதம், மூன்று கை, இரண்டு நாட்டு மானம், நடுவில் நிற்கும் ஒருவன். இதை ஆறு பக்கத்துக்கு எழுத முடியாதவர் இந்தத் தொடரை எழுதக் கூடாது.

இன்னொன்று, அதைவிடச் சிறியது, அதைவிடக் கூர்மையானது. ஹிராடோவில் கப்பலைப் பார்க்க வந்த பெண்கள் சிலர் சாரிஸின் அறைக்குள் நுழைகிறார்கள். சுவரில் வீனஸும் க்யூபிடும் இருக்கும் ஓர் ஓவியம், கொஞ்சம் பச்சையானது. அதைக் கன்னி மரியாள் என்று நினைத்து அவர்கள் மண்டியிட்டு வணங்குகிறார்கள். கூட வந்தவர்களுக்குக் கேட்காதபடி, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சாரிஸிடம் கிசுகிசுக்கிறார்கள். சாரிஸ் தன் குறிப்பேட்டிலேயே எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது. 1612இலேயே இயெயாசு தன் நேரடி ஆட்சிப் பகுதிகளில் கிறிஸ்தவத்துக்குத் தடை போட்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கிசுகிசுப்பின் கனம் தெரியும். முதல் பார்வைக்குச் சிரிப்பு, அடுத்த நொடி தொண்டை அடைக்கும். மாரிகோவின் கிறிஸ்தவ மதம் இரண்டாம் சீசனில் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்க வசனம் வேண்டாம். (அதே துறைமுகத்தில் இந்தியத் துணிப்பொதிகளையும் கேமரா கடந்து போகட்டும். சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் பின்னாளில் ‘சாந்தோமே’ என்றே பெயர் நின்றது. நம் மயிலாப்பூர் சாந்தோம்தான் அது. கதைக்கு அவசியமில்லை, கலை இயக்குநருக்கு ஒரு குறிப்பு.)

இரண்டாவது பள்ளம், கதாநாயகன் என்ன வேண்டுகிறான் என்பது. முதல் சீசனில் பிளாக்தார்னுக்கு ஒரே வேட்கை: கப்பல் வேண்டும், ஊருக்குப் போக வேண்டும். பத்தாண்டு கழித்தும் அதையே வேண்டினால் அவன் முட்டாள். வேண்டாமல் போனால் அவனுக்குக் கதையே இல்லை. ஆடம்ஸின் வாழ்க்கை இதற்கும் பதில் வைத்திருக்கிறது. இயெயாசு அவருக்கு மியூரா தீபகற்பத்தில் நிலம் கொடுத்தார், ஆடம்ஸ் மேலைநாட்டு முறையில் கப்பல்கள் கட்டிக்கொடுத்தார், ஜப்பானில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். இங்கிலாந்திலும் ஒரு மனைவி. 1605இல் கூட வந்த கேப்டனுக்குப் போக அனுமதி கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. 1613இல் இங்கிலாந்துக் கப்பல் வந்து நிற்கும்போது, போகலாம் என்று இயெயாசுவே சொல்லிவிட்டார். ஆடம்ஸ் போகவில்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளத்துக்குச் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்டார். பதின்மூன்று ஆண்டு தட்டிய கதவு திறந்தபோது வாசலிலேயே நின்ற மனிதன். உங்கள் சீசனின் நடுப்பகுதி, அதாவது ஐந்தாம் எபிசோடின் கடைசி, இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் மோதப்போகும் சுவர். ஒசாகா முற்றுகை இரண்டு கட்டமாக நடந்தது: 1614-15 குளிர்காலம், 1615 கோடைக்காலம். அந்தச் சமயத்தில் ஆடம்ஸ் எங்கே? சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கப்பல் ஓட்டிக்கொண்டு 1614 டிசம்பரில் கிளம்பி, புயலில் அடிபட்டு, ரியூக்யூ தீவுகளில் கரையொதுங்கி, மாதக்கணக்காகக் கப்பலைப் பழுதுபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டை விழுந்த பிறகுதான் ஹிராடோவுக்குத் திரும்பினார். திரும்பும்போது கொண்டுவந்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஆங்கிலக் கம்பெனிக் கிடங்கின் தலைவர் ரிச்சர்டு காக்ஸ் அதைத் தோட்டத்தில் நட்டார். இரண்டு நாயகர்களில் ஒருவர் கோட்டையை எரிக்கிறார், இன்னொருவர் கிழங்கோடு வருகிறார்.

வகுப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிளாக்தார்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஒசாகாவில் பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பெயர்கள் கற்பனை என்பதால் சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. பாதி நியாயமும் உண்டு: இயெயாசு அந்தப் போருக்கு ஆங்கிலேயரிடமும் பீரங்கி வாங்கினார். அந்தப் பீரங்கிகளில் ஒன்று சுட்ட குண்டு யோதோவின் இருப்பிடத்தில் விழுந்து தோழிப் பெண்கள் செத்ததாகவும், அதற்குப் பிறகுதான் அவர் சமாதானத்துக்கு இறங்கியதாகவும் ஒரு மரபுக் கதை உண்டு. ஆகவே விற்றவனாக, பேரம் பேசியவனாக பிளாக்தார்ன் கதைக்குள் இருக்கட்டும். சுடும் இடத்தில் வேண்டாம். தான் விற்ற இரும்பு என்ன செய்தது என்பதை அவன் ஆறு மாதம் கழித்து, ஒரு தோட்டத்தில், மண்வெட்டியோடு நிற்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்குப் பீரங்கியை விடப் பெரிய சத்தம். வரலாறு தரும் அசௌகரியத்தை முதலில் ஒரு வாரம் அப்படியே வைத்துப் பழகுங்கள். பிறகும் உதவவில்லை என்றால்தான் மாற்றுங்கள்.

போர்க் காட்சிகளைப் பற்றி ஒரு சொல். முதல் சீசன் செகிகஹாராவைக் காட்டவில்லை. அதை ஏமாற்றம் என்றவர்கள் உண்டு. எனக்கு அது தொடரின் குணம். மரபான கணக்குப்படி ஒசாகா கோட்டைக்குள் மட்டும் ஒரு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தைக் காட்டப் போனால் பட்ஜெட்டும் எபிசோடு நேரமும் அங்கேயே கரையும், மனிதர்கள் புள்ளியாகிப்போவார்கள். நான் என்றால் இரண்டு முற்றுகைக்கும் நடுவிலுள்ள வாரங்களைத்தான் எடுப்பேன். சமாதானம் ஆகிவிட்டது, வெளி அகழியைத் தூர்ப்பது நிபந்தனை. இயெயாசுவின் ஆட்கள் வெளி அகழியைத் தூர்த்துவிட்டு, நிற்காமல் உள் அகழியையும் தூர்க்கிறார்கள். கூடை கூடையாக மண். கோட்டைக்காரர்கள் ஆட்சேபிக்கிறார்கள், எதிர்த்தரப்பு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மண்ணைக் கொட்டுகிறது. மேலே சாளரத்தில் ஒச்சிபா. ஒரு துளி ரத்தம் இல்லை, ஆனால் அந்தப் பெண்ணும் பிள்ளையும் செத்துவிட்டார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

போருக்குக் காரணம் சொன்ன விதமும் அதே ரகம். 1614இல் கியோட்டோவின் ஹோகோஜி கோவிலுக்கு ஹிதெயோரி தரப்பில் ஒரு பெரிய மணி வார்த்தார்கள். அதில் பொறித்த நீண்ட வாசகத்தில், நாடு அமைதியாய் இருக்கட்டும் என்ற பொருளில் நான்கு எழுத்து. இரண்டாவது எழுத்தும் நான்காவது எழுத்தும் சேர்ந்தால் ‘இயெயாசு’. நடுவில் வேறோர் எழுத்து நிற்பதால் அவர் பெயரை இரண்டாக வெட்டிச் சாபமிட்டிருக்கிறார்கள் என்று கிளம்பினார்கள். ‘ஆண்டானும் அடியானும் செழித்து மகிழட்டும்’ என்ற இன்னொரு வரியில் ‘தொயோதோமி’ என்ற பெயரின் எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன என்றார்கள். வாழ்த்தைச் சாபமாக வாசித்ததுதான் போருக்கான சாக்கு. மணி இன்றும் அங்கே தொங்குகிறது. மொழிபெயர்ப்பால் ஓடிய தொடருக்கு, ஒரு வாசகத்தைத் திரித்து வாசிப்பதால் உலகம் முடிகிறது என்பதைவிடப் பொருத்தமான காரணம் யாராலும் கற்பனை செய்ய முடியாது. தொரனாகாவுக்கு அது திரிப்பு என்று தெரியும் என்பதைக் காட்டுங்கள். அவர் வாயால் சொல்லவைக்காதீர்கள்.

பத்து எபிசோடு பங்கீடு என்று கேட்டால் இப்படிப் பிரிப்பேன். முதல் இரண்டும் 1611: கியோட்டோவின் நிஜோ கோட்டையில் 68 வயது கிழவர், 17 வயதுப் பையனை முதல்முறையாக வளர்ந்த ஆளாகப் பார்க்கிறார், ஓங்கி வளர்ந்திருக்கிறான், இவனை மற்ற பிரபுக்கள் பார்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அந்த ஒரு பார்வையில் தொடங்க வேண்டும். கூட வந்த கதோ கியோமாசா ஆடைக்குள் கட்டாரி ஒளித்திருந்தார் என்பது வழிவழிக் கதை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 1612: லஞ்சமும் பொய்ப் பத்திரமுமாக வெடித்த ஒகாமோதோ தைஹாச்சி வழக்கு, அதில் சிக்கியவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் வந்த தடை. நான்கும் ஐந்தும் ஆங்கிலக் கப்பல். ஆறு, 1614இல் நாடு முழுக்கப் பாதிரிமார் வெளியேற்றம். ஏழு, மணி. எட்டும் ஒன்பதும் குளிர்கால முற்றுகையும் அகழியும். பத்து, நெருப்பும் கிழங்கும். இடையில் ஒரு பெண்ணை மறந்துவிடாதீர்கள்: ஹிதெயோரியின் மனைவி சென்ஹிமே இயெயாசுவின் பேத்தி, யோதோவுக்குத் தங்கை மகள். குழந்தையாகவே ஒசாகாவுக்குக் கட்டிக்கொடுத்த அவளைக் கடைசி நாளில் கோட்டையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். புருஷன் உயிருக்காகத் தாத்தாவிடம் கெஞ்சப் போனவள் அவள்தான். மாரிகோவுக்கு மாற்று தேடி அலைபவர்கள் இவளைக் கவனிப்பதே இல்லை. இவளுக்கு மொழிபெயர்க்கத் தெரிய வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் பெண்ணாய்ப் பிறந்ததே போதும்.

மூலநூலைத் தாண்டிய மற்ற தொடர்கள் எங்கே விழுந்தன என்றும் பார்த்து வையுங்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஐந்து புத்தகங்களைக் கடந்து போனபோது, முடிவின் சில முக்கியப் புள்ளிகள் அவர்கள் கையில் இருந்தன, நடுவில் உள்ள பாதை இல்லை. பிறகு கடைசி இரண்டு சீசனை ஏழு, ஆறு எபிசோடுகளாகக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் நடந்த பயணங்கள் ஒரு வெட்டில் முடிந்தன. திருப்பங்கள் சரியாகவே இருந்தும் யாரும் நம்பவில்லை. உங்களுக்கும் அதே ஆபத்து உண்டு. வரலாறு முடிவைத்தான் கொடுக்கிறது. தொரனாகா அந்த முடிவுக்குப் போகும் ஒவ்வொரு படியையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ முதல் சீசனிலேயே நாவலைத் தீர்த்துவிட்டு ஆறு சீசன் போனது. தப்பித்தால் கதை முடிந்துவிடும் என்பதால் நாயகியை மறுபடி மறுபடி அதே இடத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. பிளாக்தார்னை ஜப்பானிலேயே வைக்க ஒவ்வொரு தடவையும் கப்பலை எரித்துக்கொண்டிருந்தால் அதே கதிதான். ‘உல்ஃப் ஹால்’ வேறு வழி: 2015இல் ஒரு சீசன், மூன்றாவது நாவல் வரும்வரை நிறுத்தம், 2024இல் அடுத்தது. அங்கே எழுத்தாளர் இருந்தார், காத்திருக்க முடிந்தது. இங்கே காத்திருப்பதற்கு யாரும் இல்லை.

நடைமுறைக்கு ஒன்று: எழுதத் தொடங்கும் முன் மேசையில் இரண்டு நிற அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். அசைக்க முடியாத வரலாற்றுத் தேதிக்கு வெள்ளை, உங்கள் கற்பனைக்கு மஞ்சள். ஒரு எபிசோடுக்கு வெள்ளை மூன்றைத் தாண்டினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். மஞ்சள் மட்டுமே இருந்தால் யாரோ ஒரு சாமுராயின் கதை. இன்னொன்று: கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள், தேதி போட்டு. 1615 ஜூன். அதற்குப் பிறகு கதை இல்லை என்று முதல் நாளே ஒப்புக்கொண்டால்தான் நடுவில் உள்ள எட்டு எபிசோடும் இறுகும்.

மூன்றாம் சீசன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் தோழன் கட்டாயம் கேட்பான். அங்கே நான் அவன் பக்கம். 1616இல் இயெயாசு இறந்ததும், ஹிதெதாதா வெளிநாட்டு வணிகத்தை ஹிராடோ, நாகசாகி இரண்டு துறைமுகங்களுக்குள் அடைத்துவிட்டார். ஆடம்ஸுக்கு அரண்மனையில் இருந்த செல்வாக்கு போய்விட்டது. 1620 மே மாதம் ஹிராடோவில் இறந்தார். உயிலில் சொத்தை இங்கிலாந்துக் குடும்பத்துக்கும் ஜப்பான் குடும்பத்துக்கும் பங்கிட்டு எழுதியிருந்தார். அவருடைய வாள்களை மகன் ஜோசப் கையில் கொடுத்தவர் காக்ஸ். மனதை அறுக்கும் விஷயம்தான். அதற்குப் பத்து எபிசோடு வேண்டாம், உங்கள் பத்தாவது எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.